பாதிதான் எடுக்கணும்

மூன்று வருஷமாக எங்கள் ஆய்வகத்தில் வளரும் நரம்புச் செல்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் உணவுத் திரவம் மாற்றியவள் நான். பழைய திரவத்தில் பாதியை மட்டுமே எடுக்க வேண்டும். செல்கள் சுரக்கும் புரதம் அதில்தான் இருக்கிறது, அது இல்லாமல் அவை பிழைக்காது என்று கண்டுபிடித்தவளும் நான்தான். இன்று அந்தப் புரதம்தான் நரம்பு நோய்க்கு மருந்து. காப்புரிமை விண்ணப்பத்திலோ ஆய்வகத்தின் இயக்குநர் பெயரும் அவர் மருமகன் பெயரும் மட்டுமே இருந்தன.

இயக்குநரிடம் நேரே போய்க் கேட்டேன்.

"செல்லுக்குச் சோறு போடுறதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பாம்மா?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். படத்துக்காக இயக்குநரே கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, செல்கள் வளரும் தட்டிலிருந்த திரவத்தை உறிஞ்சத் தொடங்கினார்.

"சார், பாதிதான் எடுக்கணும்!"

"எனக்கே பாடம் நடத்துறியா? தள்ளி நில்லு."

ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிக் கழிவுப் புட்டியில் கொட்டினார். மருந்தையே கொட்டினார், கண்டுபிடித்த மகான்.

இரண்டு நாளில் செல்கள் சாகத் தொடங்கி, தட்டைவிட்டு உரிந்து மிதந்தன. இயக்குநர் என் மேஜைக்கே ஓடிவந்தார்.

"ஏதாவது பண்ணும்மா. அதுங்களைப் பத்தி உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது."

விண்ணப்ப நகலை அவர் முன்னால் விட்டெறிந்தேன்.

"இப்ப சொன்னீங்கள்ல சார், அதை இதுல எழுதுங்க."