சாட்சிக் கூண்டு உள்ள மேடை

1
இந்தக் கதை எங்கருந்து வந்திச்சின்னு மொதல்லயே சொல்லிடுறேன். எங்க ஊரு மஹய்யாவக்குப் பக்கத்துல ஒரு பழைய கோர்ட் கட்டடத்துல நாங்க நாடகம் போடுறோம். வெள்ளக்காரன் காலத்துக் கட்டடம். ஒரு ஆணியக்கூடப் புடுங்கக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் சாவியக் குடுத்தாங்க. அதனால சாட்சிக் கூண்டு மேடை நடுவுலயே நிக்குது. ராஜா வந்தாலும் அதச் சுத்திக்கிட்டுத்தான் வரணும். எங்க டிரெக்டர் அக்குறணை அரூஸ் தம்பி, "அதுக்கும் ஒரு பார்ட் எழுதிருங்கக்கா"ன்னு சிரிப்பாரு.

2
தொடக்கம் ஒண்ணு: "முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பெறகு யசோதா அந்தக் கூண்டுல ஏறினா. அவ காலு..."
வேணாம். காலு நடுங்குறதெல்லாம் எல்லாரும் எழுதுறதுதான்.
தொடக்கம் ரெண்டு: "அன்னைக்கு யசோதா பொய் சொன்னா."
இது பரவால்ல. என்னா பொய்? மலை ஏத்தத்துல ஒரு லொறி ஒரு ஆள அடிச்சிருச்சி. ஓட்டினது அவ அண்ணன். இதே கோர்ட்ல அவ சொன்னது, "கறுப்பையாதான் ஓட்டினாரு, நான் பாத்தேன்." அந்த மனுசன் ரெண்டு வருஷம் உள்ள. (பக்கத்து சீட்டுல உக்காந்திருந்ததுதான் அவரு செஞ்ச குத்தம்.)

3
இந்த யசோதாவ எனக்கு நம்ப முடியல. பொய் சொல்லிட்டு எப்படிச் சோறு தின்னா? எப்படி கறுப்பையாகூடவே நாடகத்துல... ஆமா, இப்ப அவருதான் எங்க லைட்காரரு. இத்தன வருஷத்துல அதப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல.
போன மாசம் அரூஸ் கேட்டாரு, "சாட்சி பார்ட்டுக்கு யாரு?"
கறுப்பையா கை காட்டினாரு. "புஷ்பம் செய்யட்டும். அதுக்குத்தான் பழக்கம்."
எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.
(பாத்தீங்களா, எம்பேர எழுதிட்டேன். அழிச்சிட்டு யசோதான்னு போடலாம். போடல.)

4
முடிவு ஒண்ணு: "மகாராஜா, கண்ணால கண்டதச் சொல்றேன்"னு நாடகத்து வசனத்த ஒப்பிச்சிட்டு எறங்கிடுறேன். கை தட்டுவாங்க. அண்ணனும் தட்டுவாரு. குண்டசாலையிலருந்து பேரப்புள்ளைகளோட வந்து மொத வரிசைக் கதிரையில உக்காந்திருக்காரு.
முடிவு ரெண்டு: அவரு மொகத்தப் பாத்து, "அன்னைக்கு லொறிய ஓட்டினது நீதாண்ணே"ன்னு சொல்லிடுறேன். அந்தப் புள்ளைக அவர...
இத முடிக்க முடியல. திரைக்குப் பின்னால நின்னுக்கிட்டுத்தான் இதப் போன்ல தட்டுறேன்.
"அக்கா, போன வைங்க, அடுத்தது நீங்கதான்!" அரூஸ் பல்லக் கடிக்கிறாரு.
போனோடயே கூண்டுல ஏறிட்டேன். மேடை ஒரே இருட்டு. ஓரத்துலருந்து கறுப்பையா மெதுவாக் கேக்குறாரு.
"தங்கச்சி, லைட்டப் போடவா?"
நீங்களும் எங்கயோ ஒரு கதிரையில உக்காந்துதான இதப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. சொல்லுங்க. போடச் சொல்லவா?