இரண்டு வாக்கு

“இல்ல, வேற ஹோல்ராய்ட் யாராவது இருக்காங்களோன்னு ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன். இல்ல. நீ ஒருத்தன்தான்.”

“பாலின், நான் சொல்றதக் கொஞ்சம் கேளு...”

“கேக்கறேன். மொதல்ல டோஸ்ட்ட எடு, கருகுது.”

டெஸ்மண்ட் ஹோல்ராய்ட் டோஸ்ட்டை எடுத்தார். மனைவி மேசையின் மறுபக்கம் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை மாலை பாராளுமன்றத்தில் யார் யார் வாக்களித்தார்கள் என்ற பட்டியல் அதில் இருந்தது. முப்பத்தைந்து வருடத் திருமணத்தில் பாலின் அந்தப் பட்டியலைத் தேடிப் படித்தது இதுதான் முதல் தடவை.

“புதன்கிழமை நெரிஸ் எங்க இருந்தா?”

“ஆஸ்பத்திரில. ஹியூகூட.”

“அது உனக்குத் தெரியும்.”

“ஜைல்ஸ் வந்து என்ன சொன்னான்னா...”

“ஜைல்ஸ் சொன்னது கெடக்கட்டும். உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

அவர் கத்தியால் டோஸ்ட்டின் கருகலைச் சுரண்டத் தொடங்கினார். கரித்தூள் தட்டில் உதிர்ந்தது. கருகிய பகுதி போன பிறகும் சுரண்டிக்கொண்டே இருந்தார். ரொட்டியின் நடுவில் ஓட்டை விழுந்தது. பாலின் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு நீல டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“இது அவளோடது. மூணு வாரமா இங்க கெடக்கு. இஞ்சிக் கேக் போட்டு வச்சிருக்கேன். போய்க் குடுத்துட்டு வா.”

“யார்க்ஷயர்லேருந்து வேல்ஸுக்கா? அஞ்சு மணி நேரம்.”

“தெரியும்,” என்றாள் பாலின். “அதான் இப்பவே கெளம்பச் சொல்றேன்.”

பாராளுமன்றத்தில் அதற்கு ஜோடி என்றுதான் பெயர். ஆளும் கட்சியில் ஒருவர், எதிர்க்கட்சியில் ஒருவர். ஒருவர் வர முடியாத நாளில் மற்றவரும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்வார். இரண்டு பக்கமும் ஒன்று குறைந்தால் முடிவு மாறாது. கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, மீறினால் தண்டனையும் கிடையாது. வாய்ச்சொல் மட்டும்தான். டெஸ்மண்டும் நெரிஸ் ப்ரோபர்ட்டும் பதினோரு வருடமாக ஜோடி. நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது அவர் கட்சி. இருக்க வேண்டும் என்பது அவள். அவையில் நின்றால் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லாமல் ‘மாண்புமிகு உறுப்பினர்’ என்று குத்திக்கொள்வார்கள். வெளியே தேநீர் அறைக்கு வந்ததும் அவள் கைப்பையிலிருந்து அந்த நீல டப்பா வெளிவரும். உலர்திராட்சை போட்டு, கல்லில் சுட்ட தட்டைக் கேக்குகள். திங்கள்கிழமைதோறும் அவள் கணவர் ஹியூ சுட்டுக் கொடுப்பது. “உன் ஜோடிக்கு ரெண்டு கூட வச்சிருக்கேன்” என்பாராம். “என் ஜோடி எப்படியிருக்கா?” என்று கேட்டுக்கொண்டுதான் டெஸ்மண்டும் தேநீர் அறைக்குள் நுழைவார். அதைக் கேட்டுப் புதிதாக வந்த உறுப்பினர்கள் சிலர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டதும் உண்டு.

ஜனவரியில் ஹியூவின் கணையத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. மார்ச் தொடக்கத்தில் இனி வைத்தியம் இல்லை என்றார்கள். நெரிஸ் தேநீர் அறையில் கோப்பையைக் கையில் பிடித்தபடி, “கொஞ்ச நாள் நான் வர மாட்டேன், டெஸ்” என்றாள். “நீ போ, நான் பாத்துக்கறேன்” என்றார் அவர். அவ்வளவுதான் நடந்த பேச்சு.

அந்த வாரங்களில் நாடு வாசலுக்கு வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றுகொண்டிருந்தது. வெளியேற வேண்டிய தேதி வந்தது, போனது, நாடு போகவில்லை. அவையில் மாலைதோறும் வாக்கெடுப்பு மணி அடித்தது. இந்த ஒப்பந்தம் வேண்டாம் என்றார்கள். ஒப்பந்தம் இல்லாமல் போவதும் வேண்டாம் என்றார்கள். மறுபடி மக்களைக் கேட்பதும் வேண்டாம், கேட்காமல் விடுவதும் வேண்டாம். ஒவ்வொரு மணிக்கும் டெஸ்மண்ட் தன் அறையில் செருப்போடு உட்கார்ந்து, தாழ்வாரத்தில் ஓடும் காலடிச் சத்தங்களைக் கேட்டார். மணி எட்டு நிமிடம் அடிக்கும். பிறகு கதவைப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகு வரும் அமைதியில் அவருக்கு நெரிஸின் நினைவு வரும். அவளுக்கு ஒரு நாள் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று தோன்றும். உண்மையைச் சொன்னால், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஊர்க்காரர்களுக்கு இது எதுவும் தெரியாது. ஜோடியால் ஒதுங்கியவர் என்று பட்டியலில் போட மாட்டார்கள். பெயர் இருக்காது, அவ்வளவுதான். உள்ளூர்ப் பத்திரிகை ஒரு காலி நாற்காலியின் படம் போட்டு ‘மாண்புமிகு காணாமல் போனவர்’ என்று எழுதியது. கறிக்கடை ரெஜி, இருபது வருடமாக அவருக்காக வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தவன், சாஸேஜை நிறுத்துக்கொண்டே நிமிராமல் சொன்னான்: “எங்களுக்காக ஓட்டுப் போடத்தான உங்கள அனுப்பினோம். இங்க கசாப்புக்காரன் லீவு போட்டா ஊரே கேக்குது.” வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் வீட்டுச் சாவைக் கறிக்கடையில் வைத்துப் பேசுவதா என்று வாயை மூடிக்கொண்டார். அடுத்து, கட்சிக் கிளையிலிருந்து கடிதம் வந்தது. அவரை மறுபடி நிறுத்துவதா என்பதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் கூட்டப் போகிறார்கள்.

புதன்கிழமை மணி அடிக்க ஆரம்பித்ததும் அறைக்கதவைத் தட்டாமல் திறந்தவன் ஜைல்ஸ் ஃபாரண்ட். கட்சியின் கொறடா அலுவலகத்தில் இருப்பவன். டெஸ்மண்டின் மகன் வயது.

“ஷூவைப் போடுங்க, டெஸ்.”

“எனக்கு ஜோடி இருக்கு.”

“இருந்தது. உங்க நெரிஸ பேடிங்டன் ஸ்டேஷன்ல பாத்திருக்காங்க. வந்துட்டாங்க, ஓட்டுப் போடத்தான்.”

“யாரு பாத்தது?”

“பாத்திருக்காங்க,” என்றான் ஜைல்ஸ். கடிகாரத்தைப் பார்த்தான். “ஏழு நிமிஷம்.” அவன் அடுத்த கதவுக்குப் போய்விட்டான்.

போன் மேசைமேல் இருந்தது. அன்று மதியம் நெரிஸ் அனுப்பிய செய்தி அதில் இன்னும் இருந்தது. ‘ஹியூ இன்னிக்கு ரெண்டு ஸ்பூன் சூப் குடிச்சான். ஜன்னலோரப் படுக்கை கெடச்சிருக்கு. கடல் தெரியுது.’ டெஸ்மண்ட் போனைப் பார்த்தார். பிறகு குனிந்து ஷூவை எடுத்தார். இடது கால் கயிற்றைக் கட்டினார். அவிழ்த்து மறுபடி கட்டினார். ஒரே ஒரு அழைப்பு போதும். ஐந்து நிமிடம் இருந்தது, நான்கு நிமிடம் இருந்தது. வலது கால் கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டார். ரெஜி நிமிராமல் பேசியது காதில் கேட்டது. போனைத் திரை தெரியாமல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

வாக்களிக்கும் நீண்ட அறையில் கூட்டம் தோளோடு தோள் இடித்தது. பெயரைக் குறித்துக்கொள்ளும் பெண் அவரைப் பார்த்துச் சிரித்து, “ரொம்ப நாளாச்சு சார் உங்களப் பாத்து” என்றாள். கதவருகே எண்ணுகிறவர்களைக் கடக்கும்போது வழக்கப்படி தலையைக் குனிய வேண்டும். அவர் குனிந்த தலையை வெளியே வந்த பிறகும் நிமிர்த்தவில்லை. தீர்மானம் நாற்பத்தேழு வாக்கில் தோற்றது. அவர் போகாமல் இருந்திருந்தால் நாற்பத்தெட்டு வாக்கில் தோற்றிருக்கும்.

நீல டப்பா பக்கத்து இருக்கையில் இருந்தது. வளைவுகளில் அது நகராமல் இருக்கப் பாலின் சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டிருந்தாள். யாரோ ஒரு சின்னப் பயணி கூட வருவதுபோல இருந்தது. மலைகளுக்கு நடுவே சாலை ஏறி இறங்கியது. ஆட்டுக்குட்டிகள் புதிதாகப் பிறந்திருந்த மாதம். வேலிகளுக்கு அப்பால் வெள்ளை வெள்ளையாகத் தடுமாறிக்கொண்டிருந்தன. டெஸ்மண்ட் பேச வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். ‘தப்பு என்மேலதான்.’ ‘காரணம் சொல்ல வரல.’ ஜைல்ஸ் பெயரையே எடுக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார். வேல்ஸ் எல்லையில் ஊர்ப்பெயர்கள் இரண்டு மொழியில் வரத் தொடங்கியபோது அந்த முடிவு மிக உறுதியாக இருந்தது.

மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில், தேநீர் எந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் நெரிஸ் இருந்தாள். மெலிந்திருந்தாள். அவர் வருவதைத் தொலைவிலிருந்தே பார்த்துவிட்டாள், ஆனால் எழவில்லை.

“மாண்புமிகு உறுப்பினர்,” என்றாள். “இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க.”

பதினோரு வருடமாக நீ, வா, போ என்று பேசியவள். டெஸ்மண்ட் டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் இவை:

“உன்ன பேடிங்டன்ல பாத்ததா ஜைல்ஸ் சொன்னான்.”

எந்திரம் தானாக ஒருமுறை உறுமி அடங்கியது.

“பேடிங்டன்லயா?” நெரிஸ் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினாள். “நான் இங்க இருந்தேன். இதே நாற்காலில. உள்ள அவன் தூங்கிட்டிருந்தான். கூடத்து டிவில பாத்தேன். நீங்க கதவத் தாண்டி வெளிய வந்ததக் காட்டினான்.”

“நெரிஸ்...”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

“பண்ணியிருக்கலாம்.”

“ஏன் பண்ணல?”

தாழ்வாரத்தில் ஒரு நர்ஸ் காலிப் படுக்கை ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனாள். அது கடந்து போகும்வரை அவர் காத்திருந்தார்.

“நீ எடுத்திருப்ப,” என்றார்.

நெரிஸ் அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நின்று தாங்கியிருப்பார். தெருவில் யாரோ தெரியாத ஆள் தடுக்கி விழுந்ததைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

“எங்க ஆளுங்க நேத்து முடிவு பண்ணிட்டாங்க. இனிமே யாருக்கும் ஜோடி கெடையாது. உங்க கட்சிய நம்ப முடியாதுன்னு. நியாயந்தான? திங்கக்கிழம மறுபடி ஓட்டு. ரெண்டு மூணு ஓட்டுல நிக்கும்கறாங்க. நான் அன்னிக்குக் காலைல ரயிலப் பிடிச்சாகணும்.” கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். “டாக்டர் ஒரு வாரங்கறார். பத்து நாள்னா அதிகம்.”

“நான் ஜைல்ஸ்கிட்ட, உங்க ஆளுங்ககிட்ட நேராப் போய்...”

“போய் என்ன சொல்வீங்க? வாக்குக் குடுக்கறேன்னா?”

உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சன்னமாக இருந்தாலும் மெட்டு மாறாத குரல். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவருடையது. “யாரு அது? யார்க்‌ஷயர்க்காரன் மாதிரி மூக்கால பேசறது?”

நெரிஸ் எழுந்தாள். தணிந்த குரலில் சொன்னாள்: “அவனுக்கு எதுவும் தெரியாது. நீங்க பண்ணதும் தெரியாது, நான் போறதும் தெரியாது. டிவி வேணாம்னு எடுக்கச் சொல்லிட்டேன். உள்ள வந்து ரெண்டு நிமிஷம் சிரிச்சுட்டுப் போங்க. அத மட்டும் பண்ணுங்க.”

ஜன்னலில் கடல் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. படுக்கையில் ஹியூ இருக்கிறார் என்பதைப் போர்வையின் மேடு சொல்லவில்லை, கண்கள்தான் சொல்லின.

“வாய்யா, என் பொண்டாட்டியோட ஜோடி,” என்றார் ஹியூ. “இதான் சாக்குன்னு பூ ஏதும் வாங்கிட்டு வரலையே? பூ வாசன வந்தாலே எனக்கு என் சாவு ஞாபகம் வருது.”

“இஞ்சிக் கேக்,” என்றார் டெஸ்மண்ட். “பாலின் பண்ணது.”

“தொற. திங்க முடியாது. மோந்து பாக்கறேன்.”

டெஸ்மண்ட் மூடியைத் திறந்து டப்பாவை அவர் முகத்தருகே பிடித்தார். ஹியூ கண்ணை மூடி இழுத்தார். கொஞ்சம் கூடுதலாகவே வேகவைத்துவிட்டாள் என்றார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்கியது. நெரிஸ் ஜன்னல் பக்கம் போய், மேசையிலிருந்த கூஜாவிலிருந்து ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள்.

“நல்லவேள, நீ ஒருத்தன் இருக்க,” என்றார் ஹியூ. “உள்ளூர்ல இவங்க கட்சிக்காரனுங்க ஒருத்தனும் எட்டிப் பாக்கல. நீ வேற கட்சிக்காரன். மூணு வாரமா உன் புண்ணியத்துலதான் இவ இங்க உக்காந்திருக்கா. உன் ஊர்ல உன்னத் திட்டறாங்களாமே? நெரிஸ் சொன்னா. அழுதா, தெரியுமா, சொல்லும்போது.”

டெஸ்மண்ட் டப்பாவை மூடப் பார்த்தார். மூடி கோணலாக விழுந்தது. திருப்பிப் போட்டு அழுத்தினார். ஒரு பக்கம் அமர்ந்தால் மறுபக்கம் எழும்பியது.

“திங்கக்கிழம ஏதோ பெருசா இருக்காமே. அந்த நர்ஸுப் பொண்ணு வாய் நிக்காது, அவதான் சொன்னா. நெரிஸ் என்கிட்ட சொல்ல மாட்டா. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். நான் முழிக்கும்போது இவ இங்க இருக்கணும். நாட்டுக்கு என்னவோ ஆவட்டும், வெளிய போவட்டும், உள்ள வரட்டும், நடு வாசல்லயே நிக்கட்டும். திங்கக்கிழம இவள அங்க கூப்பிடாமப் பாத்துக்கோ.”

போர்வைக்கு வெளியே ஒரு கை மெல்ல வந்தது. மணிக்கட்டில் ஊசியை ஒட்டிய பிளாஸ்திரியின் ஓரம் பிரிந்து, நூல் நூலாகத் தொங்கியது. உள்ளங்கையை மேலே காட்டியபடி அது படுக்கையின் விளிம்பில் நின்றது. ஜன்னலோரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றிருந்தது. நெரிஸ் திரும்பவில்லை. அவள் கையில் டம்ளர் விளிம்பு வரை நிறைந்து, அதில் கடலின் சாம்பல் நிறம் தெரிந்தது.

“எழுதியெல்லாம் தர வேணாம். உங்க வழக்கம்தான இருக்கே, வாயால சொன்னாப் போதும்,” என்றார் ஹியூ. கை இன்னும் கொஞ்சம் நீண்டது. “வாக்குக் குடு, டெஸ்.”