பள்ளத்தில் இறங்கிய கார்

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், பனிக்காலத்தில் வானிலையை விட்டால் பேச வேறு விஷயம் கிடைப்பது அபூர்வம். அந்த வருடம் ஒரு சின்ன ஊருக்கு ஒரு டிவி தொடர் கிடைத்தது. அந்த ஊரின் கூட்டுறவு வங்கியில் சில வருடங்களுக்கு முன் நடந்த கொள்ளையை டொரண்டோக்காரர்கள் படமாக்கியிருந்தார்கள். ஞாயிறுதோறும் ஊரே சமூகக் கூடத்தில் கூடி, தட்டு நிறைய பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையுடன் உட்கார்ந்து பார்த்தது. பார்த்தது என்பதைவிடக் கிழித்துத் தோரணம் கட்டியது என்பதே சரி.

கொள்ளையடித்த லோர்னும் அங்கேதான் இருந்தான். பயிர் கருகிய வருடத்தில் புத்தி கெட்டு, குண்டில்லாத துப்பாக்கியோடு வங்கிக்குள் போனவன். சிறையிலிருந்து திரும்பிய அவனை ஊர் மெல்ல மெல்லச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதை இந்தத் தொடர் கெடுத்துவிடுமோ என்று ஒவ்வொரு ஞாயிறும் அவன் பயந்தான்.

இதுவரை கெடுக்கவில்லை. மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் எவன் தொப்பியில்லாமல் நடப்பான் என்று கேட்டார்கள். பனியைப் பார்த்தால் சோப்பு நுரை மாதிரி இருக்கிறது என்றார்கள். மெக்கானிக் எல்மருக்கு நாயகன்மேல்தான் குறை.

"உன் வேஷத்துக்கு இவ்வளவு அழகான பையனா? அவன்தான் உன்மேல கேஸ் போடணும்டா."

லோர்னும் சேர்ந்து சிரித்தான்.

கடைசிப் பகுதியில்தான் சிரிப்பு நின்றது. தப்பி ஓடும் நாயகன் சாலையோரப் பள்ளத்தில் சிக்கிய காரைப் பார்க்கிறான். அதை ஓட்டி வந்த பெண்ணின் தலையில் துப்பாக்கியை வைத்து, அவளைப் பனியில் இழுத்துத் தள்ளுகிறான். கூடத்தில் பல தலைகள் லோர்ன் பக்கம் திரும்பின. அவன் தட்டைக் கீழே வைத்தான். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வழக்கு விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. அந்தச் சாலையில் என்ன நடந்தது என்பது அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும்தான் தெரியும். அவன் சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்தப் பெண் முன்வரிசையில் இருந்தாள். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் வெர்னா. லோர்ன் திரும்பி வந்த நாளிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசாதவள். எழுந்து போய்ப் படத்தை நிறுத்தினாள்.

"இது பச்சைப் பொய். இவன் என்மேல கையே வைக்கல. நான் பயந்துடக் கூடாதுன்னு முகமூடியைக் கழட்டினான். தன் கையுறையை எனக்குக் குடுத்துட்டு, வெறுங்கையோட தன் வண்டில கயிறு கட்டி என் காரை இழுத்துவிட்டான். நான்தான் வீட்டுக்குப் போயி போலீசுக்கு போன் பண்ணி இவன் பேரைச் சொன்னேன்."

எல்மர் திகைத்துப்போனான். "கொள்ளையடிச்சிட்டு ஓடுறவன் வண்டியை நிறுத்தினியா?"

"அந்தக் குளிர்ல எப்படி விட்டுட்டுப் போறது?" என்றான் லோர்ன்.

யாரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்த எவனும் நிறுத்தியிருப்பான்.

வெர்னா அவனருகே வந்தாள். "உதவின உன்னையே காட்டிக்குடுத்துட்டு, உன் முகத்தைப் பார்க்கவே கூசிச்சு லோர்ன். அதான் பேசல."

"நீ பண்ணினது சரிதான். பணத்தை எடுத்தவன் நான்தானே?"

மீதியைப் போடலாமா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம் என்றது கூடம். எல்மர் நாற்காலியை இழுத்துப்போட்டு, கயிற்றைக் காரில் எங்கே கட்டினாய், எந்தப் பக்கமாக இழுத்தாய் என்று விசாரித்தான். மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். லோர்ன் மனம் நிறைந்து, ஒன்று விடாமல் சொன்னான்.