பாக்கி நின்ற பதில்

“மீனுக்கு வேர்க்குமாண்ணே?” என்று சின்ன வயதில் கேட்டவன் உமர் பாரூக். அதற்குப் பதில் தேடித்தான் கடல் விஞ்ஞானி ஆனானோ என்னவோ. விடுப்பில் வந்தவனை நேற்று மாரடைப்பு கொண்டுபோய்விட்டது. கோட்டைப்பட்டினம் பள்ளிவாசலில், வெள்ளைத் துணி சுற்றிய தம்பியின் பக்கத்தில் நின்று, ஹாமித் வழக்கப்படி மைக்கில் கூட்டத்திடம் சொன்னார்:

“என் தம்பி யாருக்காச்சும் எதுவும் தரவேண்டியிருந்தா என்ட்ட கேளுங்க. நான் பொறுப்பு.”

கடன் என்று யாரும் வரவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, பள்ளிவாசலுக்கு வெளியே துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலையாண்டி நின்றார். நாட்டுப்படகுக்காரர். உமரின் வெப்பமானியைக் கடலில் இறக்கி அளந்து தந்தவர்.

“பாய், மைக்குல சொன்னது எங்களுக்கும் சேத்துத்தானா?”

“ஆமா. என்ன தரணும்?”

“ஒரு பதிலு. நண்டு ஏன் கொறஞ்சுச்சு, திரும்ப வருமான்னு கேட்டேன். அடுத்த தடவ சொல்றேன், அடுத்த தடவ சொல்றேன்னே போயிட்டாரு. புது வலை எறக்கவா, மகனோட திருப்பூருக்கே போயிறவான்னு முழிச்சுக்கிட்டிருக்கேன்.”

இதெல்லாம் கடனில் சேருமா என்று இரும்புக்கடைக்காரரான ஹாமித்துக்கு விளங்கவில்லை. சேராது என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உமரோடு வேலை பார்த்த ஷெரினுக்கு போன் போட்டார். மலையாண்டியின் கேள்வியை அவளிடம் கேட்டார்.

“சில வருஷம் கடல் சூடாகுது, சில வருஷம் ஆறுது அண்ணா. நண்டு கொறையறது அதனாலயா, வலைங்க பெருகினதாலயான்னு சாருக்கே பிடிபடல. தப்பாச் சொல்லி ஒரு குடும்பம் நொடிஞ்சிரக் கூடாதுன்னு பயந்தாரு.”

“அப்ப நான் என்னம்மா சொல்றது?”



கேட்டுக்கொண்டிருந்த மனைவி ரிஃபானா சொன்னாள்: “வரும்னு சொல்லிருங்க. அவருக்கும் நிம்மதி, போன மனுசனுக்கும் பேரு கெடாது.”

அந்த ஒரு சொல்லோடுதான் ஹாமித் சாயங்காலம் கரைக்கு நடந்தார். மலையாண்டி தனியாக உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் ‘வரும்’ என்று சொல்ல ஹாமித்துக்கு மனம் வரவில்லை.

“அவனுக்குத் தெரியலையாம். தப்பாச் சொல்லிருவோமோன்னு பயந்திருக்கான்.”

மலையாண்டியின் கை நின்றது.

“அம்புட்டுப் படிச்சவருக்குமா?”

“ஆமா.”



“இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?” என்றார் மலையாண்டி. பிறகு, “போங்க பாய், அவரு ஒண்ணும் தரவேண்டியதில்ல.”

ஹாமித் போகவில்லை. கரையில் வேறு யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து வலையின் மறுமுனையைப் பிடித்தார். எந்தப் பக்கம் இழுத்தால் அவிழும் என்று தெரியவில்லை. மலையாண்டி ஒன்றும் சொல்லாமல் அவர் விரல்களை எடுத்து வேறொரு கண்ணியில் வைத்தார்.