மாற்றம் இல்லை

கழுத்துக்குக் கீழே, வலது தோள்பட்டையின் உள்பக்கம், ஆணி அடித்து விட்டமாதிரி ஓர் இடம் வலித்தது. அவள் அம்மாவுக்கும் அதே இடத்தில்தான் வலி. அம்மா ஜல்லிக்கூடை சுமந்தவள். இவள் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்திருப்பவள். “ரெண்டு பேருக்கும் ஒரே வலின்னா நான் எதுக்கு அண்ணி படிச்சேன்?” என்று ஒருமுறை கேட்டதற்கு, “அவங்களுக்கு வெயில்ல வலிச்சுது, உனக்கு நிழல்ல வலிக்குது. போதாதா?” என்றாள் அண்ணி. அண்ணிக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

சனிக்கிழமை மதியம். படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த இடுக்கில், துணி மடிக்கும் மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தது கம்ப்யூட்டர். அதன் பெட்டிக்குப் பக்கவாட்டுத் தகடு கிடையாது. சூடு தாங்காமல் என்றைக்கோ கழற்றியாயிற்று. மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷால் உள்ளே தட்டினால் வெள்ளை வெள்ளையாய் மாவு கொட்டும். கல் உடைக்கும் கிரஷர் ஊருக்கு வெளியே இருந்தது. ஆனாலும் கல்தூசி, அங்கே வேலை பார்க்கிற அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தினமும் வீட்டுக்கு வந்துவிடும். தண்ணீர்க்குடத்தின் மூடியிலும் அது உண்டு, தலையணை உறையிலும் உண்டு.

அவள் வேலையும் அந்தக் கிரஷருக்குத்தான். வருஷத்துக்கு ஒரு தடவை மூச்சின் பலத்தை அளக்கிற குழாயோடு ஒரு நர்ஸ் வருவாள். வேலை செய்கிற அத்தனை பேரும் வரிசையில் நின்று அதில் ஒரே மூச்சாக ஊத வேண்டும். முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதை நர்ஸ் பெயருக்கு நேரே எழுதுவாள். அந்த எண்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சின்ன ஏற்ற இறக்கத்தைத் தள்ளிவிட்டுப் போன வருஷத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ‘குறைந்தது’ அல்லது ‘மாற்றம் இல்லை’ என்று வரவைப்பது இவள் வேலை. அதற்கென்று புள்ளியியல் மென்பொருள் ஒன்றில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். முதல் வருஷம் ஒப்பிட ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று தடவையும், மேலிருந்து கீழ்வரை, மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை என்றே வந்தது. மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு போனார்.

இந்த வருஷ அறிக்கையை இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். அது இந்த வீட்டுக்கும் முக்கியம். திங்கட்கிழமையிலிருந்து அண்ணனை வெளிப் பெல்ட்டிலிருந்து உள்கொட்டகைக்கு மாற்றுகிறார்கள். கல்லை வாயில் போட்டு மெல்லுகிற எந்திரம் அங்கேதான் இருக்கிறது. ஆபரேட்டர் பதவி. அறிக்கையில் அண்ணன் பெயருக்கு எதிரே ‘மாற்றம் இல்லை’ என்று இருந்தால் போதும்.

மேனேஜர் இந்தத் தடவை புதிதாக ஒன்று கேட்டிருந்தார். “கலர்ல படம் போட்டுக் குடும்மா. மேலிடத்துல இருந்து ஆள் வராங்க. பாத்ததும் பளிச்சுன்னு இருக்கணும்.”

படம் வரையத் தேவையான துணைத் தொகுப்பை இறக்கப் போனால், உன்னிடம் இருப்பது பழைய பதிப்பு, இதில் ஓடமாட்டேன் என்றது. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து அப்டேட் செய்ய உட்கார்ந்தாள்.

முதலில் இடம் இல்லை என்றது. அண்ணன் பிள்ளைகளின் விளையாட்டுகள் இரண்டை அழித்தாள். வெளியே ஆடிவிட்டு வந்ததும் சண்டை இருக்கிறது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. பச்சைக் கோடு பாதி வரை வந்து, பிரசவ வலி எடுத்தமாதிரி அங்கேயே நின்றது. இன்டர்நெட் போய், வந்து, மறுபடி முதலிலிருந்து இறங்கியது. ஒப்பந்தப் பக்கம் வந்தது. எல்லாரையும்போல படிக்காமலே சம்மதித்தாள். அடுத்து, அடுத்து, அடுத்து. புதுப் பதிப்பு பழையதை அழிக்கவில்லை. அதன் பக்கத்திலேயே தனிக்குடித்தனம் போட்டுக்கொண்டது. பழைய தொகுப்புகள் ஒன்றும் இதில் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மறுபடி ஏற்றினாள். ஒன்று ஏற இன்னொன்று வேண்டும் என்றது. அது ஏற வேறொன்று.

“கல்யாண வீட்டுக்கு ஒருத்தரைக் கூப்பிட்டா அவங்க சொந்தம் பூரா வர்ற மாதிரி இருக்கு” என்றாள் அண்ணி, துணியை மடித்துக்கொண்டே.

“சிரிக்காதீங்க அண்ணி. தோள் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது.”

கடைசியில் எல்லாம் ஏறியது. இந்த வருஷக் கோப்பைக் கொடுத்து ஓட்டினாள். சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அதன் கீழே பெயர்கள் வந்தன.

குறைந்தது. குறைந்தது. குறைந்தது.

அவள் கீழே உருட்டினாள். கடைசிப் பெயர் வரைக்கும் அதேதான். அண்ணன் பெயருக்கு எதிரேயும் அதுதான்.

“என்னாச்சு, மூஞ்சி ஒரு மாதிரி போயிடுச்சு?”

“அப்டேட் பண்ணதுல ஏதோ கெட்டுப்போச்சு அண்ணி. எல்லாருக்கும் குறைஞ்சிருக்குன்னு காட்டுது.”

“எல்லாருக்கும் எப்படிம்மா குறையும்? உன் கம்ப்யூட்டருக்குத்தான் ஏதோ குறைஞ்சிருக்கும்.”

அவளும் அப்படித்தான் நினைத்தாள். பழைய பதிப்பைத் திறந்து அதே கோப்பை அதில் ஓட்டினாள். மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை என்று வரிசையாக வந்தது. உயிர் வந்தது. திரையில் இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. கோப்பும் ஒன்று, புரோகிராமும் ஒன்று. பதில் மட்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக நின்றது.

பழையதையே அனுப்பிவிட்டு எழுந்து போயிருக்கலாம். கை மவுஸ்மேல் இருந்தது. ஆனால் கண் அண்ணன் பெயரில் நின்றுவிட்டது. புரோகிராமை விட்டுவிட்டு, நர்ஸ் கொடுத்த எண்களையே வருஷவாரியாகத் திறந்தாள். மூன்று வருஷமாக அவள் செய்யாத வேலை அது. ஏறியதா இறங்கியதா என்று முடிவைத்தான் பார்த்தாளே தவிர, எண்களை நேராகப் பார்த்ததே இல்லை.

அண்ணன்: ஐந்நூற்று இருபது. நானூற்று எண்பது. நானூற்று முப்பது. முந்நூற்று எண்பது. இந்த வருஷம் முந்நூற்று நாற்பது.

இதற்குப் புரோகிராமே வேண்டாம். விரல் விட்டு எண்ணத் தெரிந்த பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அடுத்த பெயரைப் பார்த்தாள், அதற்கடுத்ததையும். எல்லாம் படி இறங்குவதுபோல் இறங்கியிருந்தன. அவள் எழுதிய புரோகிராமைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் போனாள். வினை ஒரே வரியில் உட்கார்ந்திருந்தது. லீவில் இருந்தவர்களுக்கு எண் எழுதாமல் ‘லீவு’ என்று எழுதுவது நர்ஸின் வழக்கம். எண்களுக்கு நடுவே ஒரு சொல் வந்ததும் முதல் வருஷம் புரோகிராம் முரண்டு பிடித்தது. இணையத்தில் தேடி, யாரோ எழுதிவைத்த ஒரு வரியை எடுத்து ஒட்டினாள். சிவப்பு எழுத்து மறைந்தது. மறைந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் என்று நினைத்த வயது.

பழைய பதிப்பு என்ன செய்திருக்கிறது என்பது இப்போதுதான் புரிந்தது. ஒரே ஒரு சொல்லைக் கண்டதும் அந்த வருஷத்து எண்கள் முழுவதையும் சொற்களாக எடுத்துக்கொண்டு, சின்னதிலிருந்து பெரியதுவரை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் கொடுத்திருக்கிறது. அவள் ஒட்டிய வரி, ஊதிய அளவை விட்டுவிட்டு இந்த வரிசை எண்ணை எடுத்துக் கொடுத்திருக்கிறது. அவள் மூன்று வருஷமாக ஒப்பிட்டது மூச்சை அல்ல, வரிசையில் நிற்கிற இடத்தை. புதுப் பதிப்பு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது. எண்ணை எண்ணாகவே எடுத்தது.

சேற்றில் பத்துப் பேர் உயரவாரியாக நிற்கிறார்கள். பத்துப் பேரும் ஒன்றாகப் புதைந்தால் வரிசை கலையாது. குட்டை குட்டையாகவே நிற்பான், நெட்டை நெட்டையாகவே நிற்பான். கழுத்துவரை போன பிறகும் மாற்றம் இல்லை.

ஒரு பெயரைத் தேடினாள். தேடாமல் இருந்திருக்கலாம்.

உள்கொட்டகையில் வேலை செய்த ஆள். தண்ணீரே குடிக்காமல் வேலை பார்ப்பான் என்பதால் எல்லாரும் ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள். நானூறு, முந்நூற்று அறுபது, முந்நூற்றுப் பத்து. நாலாவது வருஷம் எண் இல்லை, ‘லீவு’ என்று இருந்தது. அப்போது அவன் எழுந்து உட்கார முடியாமல் படுத்திருந்தான். அடுக்கும்போது எண்களுக்கெல்லாம் பின்னால்தான் சொல் வரும். அதனால் பழைய பதிப்பு ‘லீவு’க்கு எல்லாரையும்விடப் பெரிய வரிசை எண்ணைக் கொடுத்திருந்தது. படுக்கையில் கிடந்தவனை, ஆலையிலேயே பலமாக ஊதியவன் என்று அவள் புரோகிராம் எடுத்துக்கொண்டது. அவன் பெயருக்கு எதிரே ‘மாற்றம் இல்லை’ என்று போட்டது. அந்தத் தாளைக் காட்டித்தான், அவன் நோய்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று ஆபீஸில் கையை விரித்தார்கள். அடுத்த மழைக்கு அவன் இல்லை. அவன் மனைவி இதே தெருவில்தான் இருக்கிறாள்.

போன் அடித்தது. மேனேஜர்.

“முடிஞ்சுதாம்மா? படம் நல்லா வந்திருக்கா?”

“சார், எல்லாருக்கும் குறைஞ்சிருக்கு சார். போன வருஷங்கள்ல என் புரோகிராம்ல தப்பு இருந்திருக்கு. நான் இப்பதான் பாத்தேன்.”

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது, எந்திர இரைச்சல் அடங்கியது.

“இன்னிக்கு என்ன பண்ணே?”

“புதுப் பதிப்பு போட்டேன் சார்.”

“அதான பாத்தேன். எதுக்கும்மா நல்லா இருந்ததைப் போய் நோண்டுறே? பழசுல என்ன வருதோ அதை அனுப்பு.”

“பழசுல வர்றது தப்பு சார்.”

“மூணு வருஷமா உன் கையெழுத்து போட்டுத்தான அனுப்புனே? அப்ப தப்புன்னு தெரியலியா?”

அவள் போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“சரி, நீ சிரமப்படாதே” என்றார். குரல் இளகியிருந்தது, அதுதான் பயமாக இருந்தது. “நீ லீவு போட்டா வேணும்னு போன வருஷம் ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் ஏத்திக் குடுத்தியே. யாரும் இதுல கை வைக்காதீங்க, அப்டேட் கிப்டேட் பண்ணிடாதீங்கன்னு நீதான சொன்னே? அப்படியே இருக்கு. கிளார்க்கை விட்டு ஓட்டிக்கிறோம். இனிமே வருஷா வருஷம் அதுலயே பாத்துக்கலாம். நீ ரெஸ்ட் எடு.”

சரியான எண்களையும், என்ன தவறு நடந்தது என்பதையும் எழுதி அவருக்கே அனுப்பினாள். அனுப்பியாயிற்று என்று திரை சொன்னது. ஆனால் அங்கே, ஏசி போட்ட அறையில், அவள் எழுதிய புரோகிராம் அவள் இல்லாமலே ஓடப்போகிறது. யார் செத்தாலும் அது மாற்றம் இல்லை என்றுதான் சொல்லும். சொல்லச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

அண்ணன் வந்தபோது வெளியே வெளிச்சம் இருந்தது. நாலு படி ஏறிவிட்டு, செருப்பைக் கழற்றுகிற சாக்கில் சுவரைப் பிடித்து நின்றான். தினமும் அப்படித்தான் நிற்கிறான். இன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

“என்ன பாப்பா, ஆபரேட்டர் சாருக்கு ஒரு டீ கிடைக்குமா?”

அவள் திரையைத் திருப்பி ஐந்து எண்களையும் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள், எதையும் மறைக்காமல். அண்ணி துணியை மடியில் வைத்தபடி அப்படியே இருந்தாள்.

அண்ணன் எண்களை உதடு அசையப் படித்தான்.

“நானும் நெனச்சேன்” என்றான். “மூச்சு வாங்குதேன்னு. ஆனா பக்கத்துல நிக்கிறவனுக்கும் வாங்குது. அதனால வயசாவுதுன்னு விட்டுட்டேன்.”

“திங்கக்கிழமை நீங்க உள்ள போகக் கூடாது” என்றாள் அண்ணி.

“போகல. வேற எவனையாவது போடுவாங்க.” இருமினான். இருமல் அடங்க நேரமாயிற்று. பிறகு தங்கையைப் பார்த்தான். கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. “பசங்களை வரிசையில நிக்க வச்சு, நல்லா இழுத்து ஊதுங்கடா, கணக்குப் பாக்குறது என் தங்கச்சின்னு நான்தான் சொல்லுவேன் பாப்பா. பெருமையா.”

“நாளைக்கு எல்லாரையும் இங்க கூட்டிட்டு வா. நான் சொல்றேன்.”

“சொல்லு. பசங்களுக்கு நான் சொன்னாலும் ஒண்ணு, நீ சொன்னாலும் ஒண்ணு. ஆனா அந்த ஒட்டகம் வீட்டுக்கு நான் போக மாட்டேன். நீதான் போகணும்.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தெருக்குழாயில் ஒட்டகத்தின் மனைவி குடத்தை வைத்துக் காத்திருந்தாள். தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. இவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“என்ன பாப்பா, ஆளையே காணோம். எந்நேரமும் அந்தப் பெட்டி முன்னாலயேதானா? சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் அக்கா.”

“எங்க கிளம்பிட்டே?”

“சும்மா, கடைக்கு.”

கடைவரை போனாள். எதுவும் வாங்கவில்லை. திரும்பி வரும்போது குழாயடியில் யாரும் இல்லை; அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு மூச்சு குறைந்தது அந்தக் கொட்டகையில்தான், குறையவில்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான் என்பதை அந்தம்மாவிடம் அவள் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.