மூன்றாவது நாளும் உரசல்

மூன்றாவது நாளாகத் தங்கை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோதே அவனுக்குக் கடுப்பு மண்டைக்கேறியது. ஊருக்கெல்லாம் சைக்கிள் சரிசெய்கிறவனால், உடன்பிறந்தவள் சைக்கிளில் ஒரு சத்தத்தை நிறுத்த முடியவில்லை என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா?

"இன்னும் உரசுதுண்ணா. நாளைக்குத் தேர்வுப் பந்தயம். இப்படியே இருந்தா நான் போகல."

முதல் ஐந்து பேருக்குள் வந்தால்தான் அணியில் இடம். அவளுக்கு முப்பது முடிந்துவிட்டது. இதை விட்டால் அடுத்த வருடம் யாரும் கூப்பிடப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டினான். பெடலோடு சேர்ந்து சுற்றுபவை இரண்டு பல்சக்கரங்கள்; ஒன்று சின்னது, ஒன்று பெரியது. செயினை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளுவது ஒரு குட்டி இரும்புக் கூண்டு. செயின் அதில் உரசுகிறது என்பதுதான் புகார். வழக்கமாகப் பார்க்கும் கியர்களை எல்லாம் மாற்றிச் சுற்றிப் பார்த்தான். ஒரு சத்தமும் இல்லை. கேபிளை இழுத்தான், கூண்டு கோணலா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். கை ஓரிடத்தில் நிற்கவில்லை. கூண்டு எவ்வளவு தூரம் நகரலாம் என்று கட்டுப்படுத்தும் திருகுக்கு வந்தபோது மட்டும் விரல் தயங்கியது.

ஆறு மாதத்துக்கு முன் அதைக் கால் சுற்று லூசாக விட்டவன் அவன்தான். இறக்கத்தில் அவள் பெரிய சக்கரத்துக்கு மாற்றியதும் செயின் அதையும் தாண்டி வெளியே விழுந்தது. அவளும் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டாள். கெட்ட நேரம் என்றார்கள் வீட்டில். அவனும் வாயை மூடிக்கொண்டான். அன்று போன நிம்மதி திரும்பவே இல்லை.

"ஸ்டாண்டுல மட்டும் நல்ல பிள்ளையா இருக்கு," என்று எரிந்து விழுந்தான். "நீ எப்படித்தான் ஓட்டுறே? தெருவுல ஓட்டிக் காட்டு."

அவள் ஓட்ட, அவன் தொப்பையைக் குலுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். வேகம் கூடியதும் சர்ர் என்றது.

"நிறுத்து. கியரை மாத்தாதே."

குனிந்து பார்த்தான். செயின் முன்னால் சின்னச் சக்கரத்தில் இருந்தது. பின்னால் உள்ள பல்சக்கரங்களிலும் இருப்பதிலேயே சின்னதில். குறுக்காக இழுபட்டுக் கூண்டின் வெளித்தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. உரசாமல் என்ன செய்யும்? வேகத்துக்குத்தான் பெரிய சக்கரம் இருக்கிறதே, விவரம் தெரிந்தவர்கள் இப்படி ஓட்டமாட்டார்கள் என்று அவன் இந்தக் கியரைச் சோதிக்கவே இல்லை.

பெரிய சக்கரத்தைத் தடவினான். விபத்துக்குப் பிறகு அவன் மாட்டிய புதுச் சக்கரம். ஸ்டாண்டில் அவன் ஏற்றி இறக்கிய கீறல் தவிர, ஓடித் தேய்ந்த அடையாளமே இல்லை.

"விழுந்ததிலேர்ந்து பெரிய சக்கரத்துக்கு மாத்தவே இல்லையா நீ?"

"கை வரமாட்டேங்குது."

"உன் கை தப்பு பண்ணல. திருகை லூசா விட்டது நான்தான். சொல்லத் தைரியம் வரல."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"ஆஸ்பத்திரியில என் முகத்தைப் பார்க்காமயே ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தியே, அப்பவே."

"அப்புறம் ஏன் எங்கிட்டயே கொண்டு வர்றே? வேற கடையா இல்ல?"

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லாத வரைக்கும் நீ இன்னும் எதையோ மறைக்கிறேன்னுதானே தோணும்? அப்புறம் எதை நம்பி கியரை மாத்துறது?"

அவன் கடைக்குள் கூட்டிப்போய் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்தத் திருகை அவள் கண் முன்னாலேயே சரியான அளவுக்கு வைத்துக் காட்டினான். பெடலை அவளையே சுற்றச் சொன்னான். இருபது தடவை ஏற்றி இறக்கினாள். செயின் ஒரு தடவைகூடத் தாண்டவில்லை.

பிறகு அவள் தெருவில் இறங்கினாள். அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்க மறந்து வாசலில் நின்றான். சர்ர் என்ற சத்தம் பாதித் தெரு வரை கேட்டது. அடுத்து, செயின் பெரிய சக்கரத்தில் ஏறும் டக் என்ற ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவள் வேகம் பிடித்து முனையில் திரும்பி மறைந்தாள்.

நாளைக்குப் பந்தயத்தில், தான் விழுந்த அந்த இறக்கத்தை அவள் தாண்டும் வரை அவனுக்குச் சோறு இறங்கப்போவதில்லை.