பத்தொன்பதும் பதினெட்டும்

நுழைவுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்க உள்ளே போனவர்கள் தேர்வு முடியும்வரை வெளியே வர முடியாது. கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மிச்சம் வைத்த சோற்றைக்கூடக் கிளறிப் பார்த்துத்தான் வெளியே கொட்டுவார்கள். பெற்றவர்கள் செத்தால் மட்டும் சில மணி நேரம் விடுவார்கள், அதுவும் ஒரு போலீஸ்காரரின் துணையோடு. சாகக் கிடந்தால் விடமாட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் வேதியியல் ஆசிரியர் தொக்-சூ கையெழுத்துப் போட்டார். அம்மாவுக்கு ஈரல் கெட்டிருந்தது. குளிர்காலத்தைத் தாண்டிவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நமக்குத் தோதாக இருந்தால் டாக்டர் சொல்வதும் தெய்வ வாக்குதான். கேள்வி தயாரித்தவர் என்ற பெயர் யாருக்குக் கசக்கும்? வெளியூரில் வேலை என்று அம்மாவிடம் புளுகிவிட்டு வந்தார்.

உள்ளே போய் மூன்று வாரம் ஆகியிருந்தது; கடைசி மூன்று நாளாக ஒரே ஒரு சொல்லுக்காகச் சண்டை. கேள்வி பொட்டாசியத்தைப் பற்றியது. புரோட்டான் பத்தொன்பது, எலக்ட்ரான் பதினெட்டு. அதை 'அணு' என்று தொக்-சூ எழுதியிருந்தார். கேள்விகளைச் சரிபார்க்கும் பியோ விடுவதாக இல்லை.

"அணுன்னா ரெண்டும் சமமா இருக்கணும் சார். ஒண்ணு போயிட்டா அது அயனி. எவனாவது ஒருத்தன் கேஸ் போட்டா நம்ம ரெண்டு பேர் தலையும் உருளும்."

"எனக்கே பாடம் நடத்துறீங்களா? படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் புரியும்யா!"

வெறும் வீம்பு. தப்பு தன்னுடையதுதான் என்று அவருக்கே தெரியும்.

சண்டையின் நான்காம் நாள் காலை, அதிகாரி ஒருவர் வந்து தனியே கூப்பிட்டு, "உங்க அம்மா தவறிட்டாங்க" என்றார்.

தேகு நகர ஆஸ்பத்திரியின் துக்கக் கூடத்தில் வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவே அம்மா படமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தொக்-சூ வழக்கப்படி இரண்டு முறை விழுந்து வணங்கினார். கூட வந்த போலீஸ்காரர் செருப்பு அடுக்கிய இடத்தருகே நின்றார். துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் மாட்டிறைச்சிச் சூப் தொக்-சூவின் முன்னால் ஆறிப்போயிற்று. அக்கா மால்-சுக் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னடா, வெளியூர் வேலை முடிஞ்சுதா?"

"அக்கா, நான் எதுவும் பேசக் கூடாது. போலீஸ்காரர் பாத்துட்டிருக்கார்."

"நீ பேசாத. நான் பேசுறேன். பரீட்சைக்கு முன்னாடி, இலை உதிர்ற காலத்துல காணாமப் போற வாத்தியார் எங்க போறான்னு ஊருக்கே தெரியும், பெத்தவளுக்குத் தெரியாதா? 'எனக்கு ரொம்ப முடியலன்னா அவன விடுவாங்களா'ன்னு கேட்டா. 'அதுக்கெல்லாம் விடமாட்டாங்கம்மா, செத்தாத்தான் விடுவாங்களாம்'னு இந்தப் பாழாப்போன வாய்தான் சொல்லிச்சு."

"அம்மா என்ன சொன்னா?"

"'அப்படியா'ன்னா. அன்னியிலேருந்து கஞ்சி வேணாம்னுட்டா."

தொக்-சூ ஆறிய சூப்பைத் தள்ளி வைத்தார். அழுகை வரவில்லை. போலீஸ்காரர் தயங்கித் தயங்கி வந்து, "நேரமாச்சு சார்" என்றார்.

திரும்பி வந்தபோது அறையில் பியோ எழுந்து நின்றார். தாளை நீட்டினார்.

"அயனின்னே மாத்திட்டேன் சார். ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா..."

தொக்-சூ பென்சிலை எடுத்தார். புரோட்டான் பத்தொன்பது. எலக்ட்ரான் பதினெட்டு. மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பிறகு பதினெட்டை அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று எழுதினார்.

பியோ மெல்ல அவர் கையைப் பிடித்தார். "சார், இது அயனி. ஒண்ணு குறையத்தான் செய்யும்."

"குறையக் கூடாதுய்யா" என்ற தொக்-சூ, தாளின் மேலேயே முகத்தைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதார்.